கொங்கு நாட்டுச் சொலவடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்திலும் தாராபுரம், பழனி சுற்றுவட்டாரத்திலும் புழங்குகிற பழமொழிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்கள், வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள், கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் தேடுபவர்கள் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றை இங்கே ஒட்டுக்காகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பழமொழிக்குப் பொருளை அகராதியில் தேடுவதைவிட, அதை யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னார்கள் என்று விசாரித்தால் சீக்கிரம் பிடிபடும் என்பது என் கட்சி. பதில்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கும்.

பழமொழி, சொலவடை, முதுமொழி எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுதான். புத்தகத்தில் பழமொழி, ஊரில் சொலவடை. "பெரியவங்க சொல்லுவாங்கல்ல" என்று ஆரம்பித்துவிட்டால் பெயரே தேவையில்லை. தொல்காப்பியம் இதை முதுமொழி என்கிறது. நுட்பம், சுருக்கம், தெளிவு, மென்மை ஆகியவற்றோடு, சொல்ல வந்த கருத்தை முடித்துவைக்கும் காரணமாக வருவது என்று செய்யுளியலில் அதற்கு இலக்கணம் கொடுத்திருக்கிறது. கடைசியில் வரும் அந்தக் 'காரணம்' முக்கியம். பழமொழியை யாரும் சும்மா உட்கார்ந்து சொல்வதில்லை. நடந்துகொண்டிருக்கும் பேச்சில் ஒரு வழக்கைத் தீர்க்கத்தான் அது வருகிறது.

'கம்பி நீட்டினான்', 'கையைப் பிசைந்தான்' போன்றவை மரபுத்தொடர்கள். தனி வாக்கியமாக நிற்காது. விடுகதை எதிராளியிடம் விடை கேட்கும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன் போன்றவற்றின் வரிகளுக்கு ஆசிரியர் பெயர் உண்டு, பழமொழிக்கு இல்லை என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நடைமுறையில் அந்தக் கோடு அழிந்துபோய் ரொம்ப நாளாகிறது. 'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை' ஔவையாரின் கொன்றை வேந்தன் வரி. பந்தியில் தனக்கு இலை போடவில்லை என்று மாமனொருத்தர் முறுக்கிக்கொண்டு கிளம்பும்போது, அவர் கையைப் பிடித்து நிறுத்தி இதைச் சொல்கிறவருக்கு ஔவையார் நினைப்பு வருவதில்லை. அங்கே அது பழமொழிதான்.

இவை எவ்வளவு பழையவை?

'பழமொழி' என்ற சொல்லே சங்க இலக்கியத்தில் இருக்கிறது. அகநானூறு 101-ஆம் பாட்டில், நல்லது செய்தால் கெடுதல் வராது என்ற 'தொன்றுபடு பழமொழி' இன்று பொய்த்துவிட்டதோ என்று மாமூலனாரின் தலைவி தோழியிடம் கேட்கிறாள். அப்போதே அது பழசு! பதினெண்கீழ்க்கணக்கில் முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழியை வைத்தே கட்டப்பட்டது. அதிலே வரும் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்பதைத்தான் நாம் 'தவளை தன் வாயால் கெடும்' என்கிறோம். அச்சு வந்த பிறகு பெர்சிவல் பாதிரியார் 1874-இல் சென்னையில் கொண்டுவந்த தொகுப்பில் 6,000-க்கு மேல் பழமொழிகள் இருந்தன. ஜென்சனின் தொகுப்பு 1897-இல் வந்தது.

இதனால் எல்லாப் பழமொழியும் இரண்டாயிரம் வருசப் பழசு என்று நினைக்க வேண்டாம். எத்தனையோ நேற்றுப் பிறந்தவை.

கொங்கு நாட்டுக்கே உரிய பழமொழிகள் எவை? பட்டியல் கிடைக்குமா?

அதிகம் வரும் கேள்வி இது. நேர்மையான பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இங்கே புழங்குவதில் பெரும்பகுதி தமிழ்நாடு முழுக்கப் பொது. 'மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி' என்பது தஞ்சாவூரிலும் உண்டு, தாராபுரத்திலும் உண்டு. 'நூறு கொங்குப் பழமொழிகள்' என்று வரும் பட்டியல்களில் தொண்ணூறு பொதுச்சொத்து.

கொங்கின் கைவண்ணம் மூன்று இடங்களில் தெரியும்.

ஒன்று, ஊர்ப்பெயரும் ஊர்ச்சரக்கும். பச்சைப் பொய்யை 'பவானி ஜமக்காளத்துல வடிகட்டின பொய்' என்பார்கள். ஜமக்காளம் கெட்டி நூலில் இறுக்கி நெய்வது. அதில் தண்ணீர் ஊற்றினாலே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதில் வடிகட்டி எடுத்த பொய் என்றால் எவ்வளவு சுத்தமான பொய் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேரூர்க்காரர்கள் 'பிறவாப் புளி, இறவாப் பனை' என்பார்கள். பட்டீசுவரர் கோயில் புளியமரத்தின் கொட்டை முளைக்காது, பனை சாகாது என்பது அந்தத் தலத்து நம்பிக்கை. 'கோயமுத்தூர் குசும்பு' பழமொழியில் சேராது என்றாலும், ஒரு ஊரின் குணத்தையே இரண்டு சொல்லில் அடைத்துவிட்டது.

இரண்டு, உச்சரிப்பு. 'வேண்டும்' இங்கே 'ஓணும்' ஆகிவிடும். 'ஆடற மாட்டை ஆடிக் கறக்கோணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கோணும்' என்று கேட்டால் ஆள் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். காங்கயம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொலவடை ரொம்பப் பொருந்தும். அது உழவுக்கும் பாரத்துக்கும் பேர் போன இனம், பாலுக்கு இல்லை. கன்றை விட்டு, பேசிக் கொஞ்சி, அதன் போக்கில் போனால்தான் இரண்டு படி இறங்கும். இன்றைக்கு இதை அதிகம் கேட்பது கட்டுத்தரையில் இல்லை, திருப்பூர் பனியன் கம்பெனிகளில். பீஸ்ரேட் டெய்லர் ஒருத்தர் திங்கட்கிழமை வரமாட்டேன் என்று அடம் பிடிப்பார், இன்னொருத்தர் முன்பணம் இல்லாமல் மெஷினில் உட்கார மாட்டார். அவரவரை அவரவர் வழியில் வேலை வாங்க வேண்டிய சூப்பர்வைசர் பெருமூச்சோடு இதைச் சொல்வார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொங்குப் பேச்சில் 'ங்க' போடாமல் மூத்தவர்களிடமும் சம்பந்தி வீட்டாரிடமும் பேச முடியாது. முகத்துக்கு நேரே கடுமையாகச் சொல்வதும் வழக்கமில்லை. அப்படியானால் கடுமையானதை எப்படிச் சொல்வது? பழமொழியின் தலையில் போட்டுவிடுவது. 'நான் சொல்லுலீங்க, பெரியவங்க சொன்னது' என்று ஒரு வால் சேர்த்துவிட்டால் சொல்ல வேண்டியதும் சொல்லியாயிற்று, மரியாதையும் கெடவில்லை.

ஒரே பழமொழிக்கு ஆளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்களே?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பதை எடுத்துக்கொள்வோம். புதுசாகக் கல்யாணமான மாப்பிள்ளையை ஆடி மாதத்துக்குப் பெண் வீட்டில் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நாலாம் நாள் காலையில் மாப்பிள்ளை பையை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருகிறார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானுங்க மாமா. நான் கெளம்பறனுங்க."

"அட, அது ஒரம்பரைக்குச் சொன்னதுங்க மாப்ளே. நீங்க ஊட்டாளு. பையை உள்ள வைங்க."

ஒரம்பரை என்றால் விருந்தாளி. இங்கே மாப்பிள்ளை காட்டியது பணிவு. மாமனார் அதே பழமொழியை மறுத்துத் தன் பிரியத்தைக் காட்டிவிட்டார். இதே வாசகத்தை, பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்காத தூரத்துச் சொந்தக்காரர் காதில் விழும்படி, சமையலறையிலிருந்து வீட்டுக்கார அம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னால்? பஸ் எத்தனை மணிக்கு என்று அர்த்தம். வைத்தியர் நோயாளியிடம் சொன்னால் மருந்தை அளவோடு நிறுத்து என்று பொருள். வாசகம் ஒன்று, வேலை மூன்று. இதில் எது 'சரியான' பொருள் என்று பரீட்சைத்தாளில் கேட்பது வாத்தியார்களுக்கு மட்டும் தோன்றுகிற யோசனை.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது கொங்கு நாட்டுக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். இதற்குக் கொஞ்சம் நிலவியல் தேவை.

கொங்கின் மேற்கெல்லை மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சாரலாக எட்டிப்பார்க்கும். கோவைச் சமவெளிக்குக் கனமழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் ஆடியில் விதைப்பவருக்கு வானம் கொடுக்கும் உத்தரவாதம் கம்மி. கொள்ளும் கொண்டைக்கடலையும் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தை நம்பியவை. நிலக்கடலையும் சோளமும் போடுகிறவர்கள் ஆடியைப் பார்ப்பார்கள், கூடவே வானத்தையும் பார்ப்பார்கள்.

வாய்க்கால் பாசனம் வேறு கதை. பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்த பிறகு, கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அதில் நன்செய்க்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி. அதாவது ஆடி முடிகிற நேரம். அங்கே விவசாயி தேடுவது பட்டத்தை இல்லை, மதகு திறக்கும் அறிவிப்பை.

காவிரி, பவானிக் கரைகளில் ஆடிப்பெருக்கைக் கும்பிட்டு நாற்றுவிட்ட மண்ணுக்கு அந்தச் சொலவடை வேதவாக்கு. மழையை நம்பிய மேட்டுக்காட்டுக்கு அது ஒரு ஞாபகக்குறிப்பு, அவ்வளவுதான்.

இதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமாக எனக்குப் படுவது 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்'. கோடைமழை ஒன்று விழுந்ததும் ஒரு உழவு ஓட்டிப் புரட்டிப் போட்டால், களை வேர் வெயிலில் காயும், மண்ணுக்குள் ஒளிந்த புழுக்கூடுகள் மேலே வந்து பறவைக்கு இரையாகும், அடுத்த மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். மழை குறைந்த காட்டில் இது தங்கம்தான்.

விவசாயப் பழமொழிகளில் இன்றும் அப்படியே பயன்படுவது எது?

இடைவெளி சொல்லும் சொலவடை. 'தேரோடத் தென்னை, வண்டியோட வாழை, ஏரோடக் கரும்பு, நண்டோட நெல்லு.' தேர் ஓடுகிற அளவுக்கு இடம் விட்டுத் தென்னையை நடு, வண்டி ஓடுகிற அளவுக்கு வாழைக்கு விடு, கரும்புக்கு ஏர் ஓடினால் போதும், நெல்லுக்கு நடுவே நண்டு ஓடினால் போதும் என்று அர்த்தம். சில ஊரில் கரும்புக்கு ஏருக்குப் பதில் நரியை ஓடவிடுவார்கள். கரும்புக்காட்டில் நரி புகுவதைப் பார்த்தவர்கள் செய்த திருத்தமாக இருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைக்கும்போது இன்றைக்கும் 25 அடிக்கு 25 அடி என்பதுதான் பேச்சு. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 70 மரம் வரும். ஆசைப்பட்டு 90, 100 என்று நெருக்கி வைத்த தோப்பைப் போய்ப் பாருங்கள். மரங்கள் வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு ஒல்லியாக மேலே ஓடியிருக்கும், குலை சின்னதாக இருக்கும். டேப் இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் மறக்க முடியாத அளவுகோல் அது. தேரின் அகலம் ஊரில் எல்லோருக்கும் தெரியுமே!

'எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓருழவு' என்பதும் அப்படித்தான். எள் விதை பொடி; கட்டி உடைந்து மண் மாவானால்தான் முளை மேலே வரும். கொள்ளு முரடு, கரட்டிலும் வரும். ஏழு என்பதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். நிறைய என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொலவடையை வீட்டில் சோம்பேறி மகனைச் சொல்லவும் பயன்படுத்துவார்கள்: "இவன் எள்ளுங்க, ஏழு தடவை எழுப்போணும்."

மழைக் குறி சொல்லும் பழமொழிகளை நம்பலாமா?

தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தி ஈசல் அடைமழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை. இவை காற்றில் ஈரம் ஏறுவதைப் பூச்சிகள் உணர்வதைப் பார்த்துச் சொன்னவை. சில மணி நேரத்துக்கு உதவும். இந்த வருசம் மழை எப்படி என்று இவற்றைக் கேட்காதீர்கள். கடலைக்காய் காயப்போட்ட களத்தை மூடலாமா என்று கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் 'இதுதான் உண்மையான பொருள்' என்று வருகின்றனவே, அவை சரியா?

பெரும்பாலும் இல்லை. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது.

'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு' என்பது தவறாம். 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' என்பதுதான் மூலமாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கொங்கில் வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் அழைக்கும் பழக்கம் இருப்பதால் நம் ஆட்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் தமிழ் பேசுகிற யாரும் 'பொய்'யையும் 'போய்'யையும் காதில் குழப்பிக்கொள்வதில்லை. 'பேருக்கு' என்ற சொல் எங்கே காணாமல் போனது என்றும் யாரும் சொல்வதில்லை. முக்கியமாக, அந்தப் பழமொழி புழங்கும் இடத்தைப் பாருங்கள். தரகர் வந்து, "பையன் சொந்தமா பனியன் கம்பெனி வெச்சிருக்கறானுங்க" என்கிறார். போய்ப் பார்த்தால் மாட்டுக்கொட்டாயில் நாலு தையல் மெஷின். பெண்ணின் அப்பா முறைக்கிறார். பக்கத்திலிருந்த பெரியப்பா சிரித்துக்கொண்டே, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சும்மாவா சொன்னாங்க, விடப்பா" என்கிறார். அந்த இடத்தில் 'போய்' வந்து என்ன செய்யும்?

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பதில் அம்மி எப்படிப் பறக்கும், அது 'அம்மை' நோய்தான் என்று இன்னொன்று. அம்மி பறக்காது என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். மிகைப்படுத்துவதுதான் அதில் சுவையே. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் விழுந்த வழி. ஆடியில் காற்று முழுக்க அந்த வழியே நெருக்கிக்கொண்டு புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரைக்கும் வீசும். காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டு வைத்திருப்பதற்குக் காரணமே அதுதான். அந்தக் காற்றில் ஒரு தடவை தகர ஷீட்டைப் பறிகொடுத்தவர் அம்மியைப் பற்றிச் சந்தேகம் கேட்க மாட்டார்.

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை', 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று இப்படித் திருத்தப்பட்டவை நிறைய. இவற்றின் பொதுக்குணம் ஒன்றுதான்: கிண்டல், முரட்டுத்தனம், மிகை எது இருந்தாலும் அதைக் கழுவித் துடைத்து நீதிபோதனை ஆக்கிவிடுவார்கள். முன்னோர்கள் தப்பாகவோ வேடிக்கையாகவோ பேசியிருக்கவே மாட்டார்கள் என்ற பக்தி. நம் அப்பத்தாக்களோடு அரை நாள் இருந்திருந்தால் இந்தப் பக்தி வந்திருக்காது.

ஒரு திருத்தம் வந்தால் இரண்டு சோதனை போதும். பழைய அச்சுத் தொகுப்புகளில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேரிடம், பொருள் கேட்காமல், எப்போது சொல்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்றுக்கொன்று முரணான பழமொழிகள் இருக்கின்றனவே?

இருக்க வேண்டியதுதான். 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்று சொல்லித் தறிப்பட்டறைக்குப் பங்கு சேர்ப்பார்கள். கணக்குத் தகராறு வந்ததும் 'தன் கையே தனக்குதவி' என்று பிரிவார்கள். 'கெட்டும் பட்டணம் சேர்' என்று மகனைத் திருப்பூருக்கு அனுப்பிய அதே அப்பா, அவன் வாடகை கட்ட முடியாமல் திண்டாடினால் 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பார். முடிவை ஆள் முன்னாலேயே எடுத்துவிடுகிறார். அதற்குச் சாட்சி சொல்லத்தான் பழமொழி வருகிறது.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறார்களே, மாட்டுக்கு ஏன் பல்?

வயது தெரிவதற்கு. மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான். பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைக்கும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று சொல்லி, எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் நேரில் பார்க்கலாம். வாங்க வந்தவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கி, கட்டைவிரலால் கீழுதட்டை இறக்கிப் பார்ப்பார். மாடு தலையை உதறும், அவர் விடமாட்டார். அப்புறம்தான் தரகர் துண்டைக் கையில் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. காசு கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. மாமா தன் பழைய ஸ்கூட்டியைச் சும்மா கொடுத்தபோது டயரையும் பேட்டரியையும் நோண்டிப் பார்க்கிற மருமகனுக்கு இல்லை.

பெண்களையும் சில சாதிகளையும் கேவலப்படுத்தும் பழமொழிகளை என்ன செய்வது?

தொகுக்கலாம், சொல்லக்கூடாது. யார் யாரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அவை ஆதாரம். ஆய்வேட்டில் விளக்கத்தோடு இடம் கொடுங்கள். 'பெரியவங்க சொன்னது' என்ற வால் ஒருவரை அவமதிக்கும் உரிமையைத் தந்துவிடாது. இவற்றுக்கும் நைசாக வேறு பொருள் கண்டுபிடித்து வெள்ளையடிக்கிறார்கள். அது சொல்வதைவிட மோசம்.

கன்னடம், தெலுங்கு பேசும் குடும்பங்களின் பழமொழிகளும் கொங்குப் பழமொழிகள்தானா?

தாராளமாக. தாளவாடியிலிருந்து நெசவாளர் தெருக்கள் வரை வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள் ஏராளம். 'கை கெசராதரெ பாயி மொசரு' என்பது கன்னடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. கையில் சேறு பட்டால் வாய்க்குத் தயிர் கிடைக்கும் என்று அர்த்தம். இதைத் தமிழ்ப்படுத்தித் தொகுப்பில் போடாமல், அவர்கள் சொல்கிறபடியே எழுதி, யார் வீட்டில் கேட்டது என்று குறியுங்கள்.

நானும் சேகரிக்க விரும்புகிறேன். எப்படி ஆரம்பிப்பது?

"ஏதாவது பழமொழி சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்கூட வாயடைத்துப் போவார், அல்லது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பார். வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். கடலைச்செடியில் காய் ஆய்கிற இடம், வெங்காயம் தாள் அரிகிற இடம், நோம்பிக்கு (பண்டிகைக்கு) முறுக்கு சுடுகிற இடம் எல்லாம் அருமையானவை. கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். விசைத்தறிக் குடோனில் ஒன்றும் கிடைக்காது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சென்னிமலைப் பக்கம் கைத்தறி நெய்கிற வீடுகள் பரவாயில்லை.

பொறாமை, கஞ்சத்தனம், பங்காளிச் சண்டை என்று பேச்சைக் கிளப்பிவிட்டால் சொலவடை தானாக வரும். செல்போனில் பதிவு செய்வதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதும்போது வாசகத்தோடு ஊர், சொன்னவரின் வயது, தொழில், யாரிடம் சொன்னார், எதற்குச் சொன்னார், கேட்டவர் சிரித்தாரா முறைத்தாரா என்பதையும் எழுதுங்கள். பேர் வேண்டாம், பங்காளிச் சண்டையில் நீங்கள் சாட்சியாகிவிடுவீர்கள். 'கறக்கோணும்' என்றால் 'கறக்கோணும்' என்றே எழுதுங்கள். திருத்தி எழுதினால் எந்த ஊர்ச் சரக்கு என்ற தடயமே போய்விடும்.

புதிய பழமொழிகள் பிறக்கின்றனவா?

பிறக்கின்றன, ஆனால் அவற்றை யாரும் பழமொழி என்று சொல்வதில்லை. பெட்டிக்கடைப் பலகையில் இருக்கும் 'கடன் அன்பை முறிக்கும்', 'இன்று ரொக்கம், நாளை கடன்' இரண்டும் எந்தப் பழமொழிக்கும் குறைந்தவை இல்லை. கடைக்காரர் வாயைத் திறக்காமல் பலகையைக் காட்டுவார். நேரில் சொன்னால் கோபம் வரும், பலகை சொன்னால் வராது. நாமக்கல், சங்ககிரி லாரிகளின் பின்பக்கத்தையும் படித்துக்கொண்டே போங்கள். நல்ல வாசகம் ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்குத் தாவிவிடும். முதலில் எழுதியது யார் என்று தெரியாது.

பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

மனப்பாடம் வேண்டாம். வீட்டில் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். ஒரு நாள் அது உங்களையே திருப்பித் தாக்கும்போது பழகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகையில் போட நல்ல கொங்குப் பழமொழி ஒன்று சொல்ல முடியுமா?

முடியாது. கல்யாணத்தைப் பற்றிய பழமொழிகளில் பெரும்பாலானவை செலவு, மாமியார், பொய் இந்த மூன்றைச் சுற்றியே வருகின்றன. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பதைப் பத்திரிகையில் போட்டால் மொய் வேண்டுமானால் கூடும். உங்களுக்கு வேண்டியது மங்கல வாழ்த்து. கொங்குக் கல்யாணங்களில் நாவிதர் பாடும் அந்த வாழ்த்து கம்பர் பேரில் வழங்குவது, நீளமானது, நல்ல வரிகள் ஏராளம். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் உங்கள் ஊர் அருமைக்காரரிடமோ பாடுகிறவரிடமோ கேட்டு, அவர்கள் பாடுகிறபடியே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கேளுங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் அவர்களைப் போனில் பிடிப்பதே கஷ்டம்.